மைனருக்கு மறுபரிசோதனை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கால்நடை ஆஸ்பத்திரியில லேப்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் கேட்டால் அது அவர்கள் தலையெழுத்து. ரத்தம், சிறுநீர், சாணம், சீழ் என்று ஒன்றையும் விடாமல் ஒப்பிப்பேன். நாய்க்கு விந்துப் பரிசோதனையும் உண்டு என்று சொல்லும்போது மட்டும் ஆம்பளைகள் கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

பதினெட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன். தன் உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது, கொழுப்பு ஏறிவிட்டது என்றால் பேசாமல் தலையாட்டுகிற மனுஷன், தன் நாயின் விந்தில் குறை என்றால் சண்டைக்கு வருவான். ஒருவர் என்னிடம் மேசையைத் தட்டி, "எங்க பரம்பரையிலயே அப்படிக் கிடையாது" என்றார். நாயின் பரம்பரையைச் சொன்னாரா, தன் பரம்பரையைச் சொன்னாரா என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சலூன்காரரும் அப்படி மேசையைத் தட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தட்டவில்லை. அதுதான் என் கதை.

அவர் நாயின் பெயர் மைனர். தேன் நிறம், காதிலும் வாலிலும் நீள நீளமாக முடி. காலையில் கடை திறந்ததும் முதல் வாடிக்கையே அவன்தான். அவனை வாரி, காதோரம் கத்தரித்து, பவுடர் தூவி வாசலில் உட்காரவைத்த பிறகுதான் மனுஷர்களுக்கு நாற்காலி. அவனும் அந்தத் தெருவே தன் பேரில் பட்டா ஆனதுபோல் காலை நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களை அரைக்கண்ணால் பார்ப்பான். பக்கத்துக் கடையில் சலூன்காரரின் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மைனருக்கு வெயில் பட்டால் இவர் குடை விரிப்பார், மழை பட்டால் அவள் ஓடிவருவாள். இரண்டு பேருக்கும் பிள்ளை கிடையாது. எனக்குச் சொந்தமில்லை என்றாலும் ஒரே தெரு என்பதால் அவரை அண்ணன் என்பேன், அவளை அண்ணி என்பேன். தெருவே என்னை லேபம்மா என்னும்.

மைனருக்கு எட்டு வயதாகிவிட்டது. அந்த இனம் பன்னிரண்டு வருடம் இருந்தால் பெரிது. ஒருநாள் அண்ணி இதை விரல்விட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறாள். "இவன் போறதுக்குள்ள இவனோட குட்டி ஒண்ணு நம்ம வீட்ல ஓடணும்" என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னவள், அதன்பிறகு அதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த இனத்தில் பெண் நாய் ஒன்றே ஒன்றுதான், மருந்துக்கடைக்காரர் வீட்டில். அதற்கு ஆறு வயது. "இந்தத் தடவ ஒரு பிரசவம், அதோட சரி. அதுக்கப்புறம் அவளக் கஷ்டப்படுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மைனர் மாப்பிள்ளையானால் பிறக்கிற குட்டிகளில் ஒன்றைச் சலூன்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்துக்கடைக்காரர் எதற்கும் காகிதம் கேட்கிற ஆள். "லேப் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பேசுவோம். இல்லன்னா போட்டோக்கடைக்காரர் வீட்டு சிங்கம் இருக்கான்" என்றார். பெண் பருவத்துக்கு வந்தாயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்து, புதன், வெள்ளி இரண்டு நாள்தான் தோது என்று டாக்டர் சொல்லியும் ஆயிற்று. திங்கள் காலை மைனரை அழைத்துக்கொண்டு அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரும் வெளியே பெஞ்சில் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் டாக்டர் சின்னப்பெண். முப்பத்திரண்டு வயது, என்னை அக்கா என்று கூப்பிடும், நிதானத்தில் எனக்குப் பாட்டி. பெண் நாயின் வாசனை பட்ட பஞ்சை மைனரின் மூக்குக்குக் காட்டியதுதான் தாமதம், துரைக்கு உலகமே மறந்துவிட்டது. அண்ணனுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரில் ஒட்டியிருந்த மாட்டு வயிற்றின் படத்தை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு அறையாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணிக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. மைனரின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "சமத்து, என் சமத்து" என்று கொஞ்சினாள். இரண்டே நிமிடத்தில் குழாயின் அடியில் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு கரண்டி அளவு சேர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, குட்டி குறுக்கே மாட்டிக்கொண்ட பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாரோ அலறியடித்து வந்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடினாள்.

"அக்கா, நீங்க பாத்து எழுதி வைங்க. நான் வந்து ஒரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் அவங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம்."

தலையாட்டினேன். தலைதான் ஆடியது.

நல்ல விந்து ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலுக்குப் பாய்வதைப்போல முட்டி மோதிக்கொண்டு ஓடும். நூற்றில் எழுபது ஓடினால் நல்ல மாப்பிள்ளை. மைனருடையதை வைத்துக் கண்ணை ஒட்டினேன். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, தலையும் வாலும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. கண்ணாடித் தட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எல்லாம் அப்படியே கிடந்தன.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்தேன். அண்ணன் எழுந்து நின்று என் முகத்தையே பார்த்தார். டாக்டர் வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் பிறந்தது.

"என்னத்தச் சொல்றதுண்ணே. ஒண்ணுகூட உயிரோட இல்ல. இவனால குட்டி ஆகாதுண்ணே."

மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை நான்காக மடித்தார். "நல்லவேளை, பாத்தோம்" என்றார். "நான் சிங்கத்த நாளைக்கே வரச் சொல்லிடறேன்." எழுந்து போய்விட்டார்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. அண்ணன் குனிந்து மைனரின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். "சரிம்மா" என்றார். "அவன என்ன சொல்றது? எங்க வீட்டு ராசி அப்படி." அவ்வளவுதான். மைனர் மட்டும், தான் ஏதோ பெரிய காரியம் சாதித்ததுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தான்.

பூனைக்கு ஆபரேஷன் முடிந்து டாக்டர் வந்து என் எழுத்தைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"எண்ணிக்கை நல்லா இருக்கு, உருவம் நல்லா இருக்கு, ஆனா ஒண்ணுமே அசையலயா? இடிக்குதே அக்கா. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாமா?"

"நான் பாத்தது தப்புங்கறீங்களா? பதினெட்டு வருஷமா இந்தக் கண்ணாலதான் பாத்துட்டிருக்கேன்."

"உங்க கண்ணச் சொல்லலக்கா" என்றாள். அதற்குள் அடுத்த நாய் குரைத்தது. பேச்சு அதோடு நின்றது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கக் கிருதா காது மடல்வரை இருந்தது, இன்னொரு பக்கம் இருந்த இடமே தெரியவில்லை.

"என்னங்க இது, பாதியில எழுந்து வந்துட்டீங்களா?"

"சிரி, நல்லா சிரி" என்றார். "எல்லாம் நீ பண்ண வேலை. மனுஷனுக்குக் கை நிக்கல. கடையில உக்காந்தவன் எல்லாம், மைனர் இனிமே சாமியார்தான், பேர மாத்துங்கன்னு கிண்டல். எப்பவும் ஒண்ணு சொன்னா பத்து திருப்பிக் குடுக்கற ஆளு, வாயே தொறக்கல. ரேடியோகூடப் போடல. நான் பணத்த நீட்டறேன், வாங்காம ஜன்னலயே பாத்துட்டு நிக்கறார்."

"இருந்ததத்தானே சொன்னேன்? நானா போய்ச் சாகடிச்சேன்?"

சொல்லும்போது எனக்குத் தெரியாது, நான்தான் சாகடித்திருந்தேன்.

மறுநாள் காலை போட்டோக்கடைக்காரர் சிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர்தான் சிங்கம், சுபாவம் தலையணை. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கே தூங்குவான். ஆனால் நிரூபித்துக் காட்டிய ஆள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் வெளியூரில் ஏழு குட்டிக்கு அப்பா ஆகியிருந்தான். அந்த ஏழையும் போன வாரம் ஊசி போட இங்கேதான் கொண்டுவந்தார்கள். ஏழும் ஏழு திசையில் ஓடி, எங்கள் எல்லோரையும் மேசைக்கு அடியில் தவழவைத்துவிட்டுப் போயின.

டாக்டர் எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு வைத்தேன், கண்ணை ஒட்டினேன்.

ஒன்றுகூட அசையவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இதென்ன, ஊரில் இருக்கிற ஆண் நாயெல்லாம் சேர்ந்து என்னைக் கேலி பண்ணுகிறதா? இன்னொரு சொட்டு வைத்தேன். அதே கதை. ஏழு குட்டிக்கு அப்பன், இரண்டு மாதத்தில் ஒன்றுக்குமே ஆகாதவனாகப் போய்விட்டானா? அப்போதுதான் என் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது. பளபளவென்று வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த என் கண்ணாடிப் புனல்கள், என் கண்ணாடிக் குழாய்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாய்களுக்குத் தொற்று இருமல் வந்து ஆஸ்பத்திரியே அமளிதுமளிப்பட்டது. எனக்குச் சுத்தம் என்றால் வெறி. அன்றைக்கு லேபில் கையில் கிடைத்ததையெல்லாம் கிருமிநாசினி வாளிக்குள் முக்கி எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, துடைத்து அடுக்கினேன். தட்டு, கத்தரி, கிண்ணம், அதோடு கூட விந்து பிடிக்கிற புனலையும் குழாயையும் சேர்த்து. விந்தணு என்பது அவ்வளவு தொட்டாற்சுருங்கி. சோப்பு பட்டால் போயிற்று, மருந்து ஒட்டியிருந்தால் போயிற்று, வெறும் தண்ணீர் பட்டாலே போயிற்று. இங்கே பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுப்பவள் நான். மைனரின் அணுக்கள் உயிரோடுதான் வந்திருக்கின்றன. என் சுத்தம் அவற்றைக் கொன்றிருக்கிறது.

டாக்டரிடம் போய் நின்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு நான்கு தடவை ஒட்டிக்கொண்டது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை. பிரிக்காத பாக்கெட்டிலிருந்து புதுப் பிளாஸ்டிக் குழாயும் புனலும் எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து, தூங்கிக்கொண்டிருந்த சிங்கத்தை எழுப்பி மறுபடி எடுத்தோம். மைக்ராஸ்கோப்பில் ஒரே அமர்க்களம். முட்டி மோதிக்கொண்டு ஓடின. போட்டோக்கடைக்காரர் காகிதத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார். புதன் காலை கல்யாணம் என்று போகிறபோக்கில் சொன்னார்.

"மைனரையும் இன்னிக்கே மறுபடி பாத்துடணும்" என்றாள் டாக்டர். "நான் போன் பண்றேன்க்கா. டாக்டர் இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்றாங்கன்னு மட்டும் சொல்றேன். நீங்க எதுக்குச் சங்கடப்படணும்?"

பொய் சொல்லமாட்டேன், அந்த வார்த்தை எனக்குத் தேனாக இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். லேபம்மாவின் கண் தப்பாது என்று தெருவே சொல்லும், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மருந்துக்கடைக்காரர் காரணம் கேட்காமல் சிங்கத்தை நிறுத்துவாரா? நேற்று செத்தது இன்றைக்கு எப்படிப் பிழைத்தது என்று கேட்பாரே. அதைவிட, அண்ணன் அந்தக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. எல்லோர் எதிரிலும் சொன்னவள் நான். திரும்ப வாங்குவதையும் எல்லோர் எதிரிலும்தானே செய்யவேண்டும்?

"போனெல்லாம் வேணாம் டாக்டர். நானே போறேன்."

சலூனுக்குள் நான் அதற்கு முன்னால் காலடி வைத்ததில்லை. ஒருவர் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு, இரண்டு பேர் பெஞ்சில். ஒரு மூலையில் மைனர் படுத்திருந்தான். பவுடர் இல்லை, வாரவும் இல்லை. அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பின.

"அண்ணே" என்றேன். "மைனர் மேல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னுது. நான் குழாயக் கிருமிநாசினில கழுவிட்டேன். அதான் எல்லாம் செத்துப்போச்சு. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி வாயத் தொறந்து சொன்னதும் என் தப்பு. இப்பவே அவனக் கூட்டிட்டு வாங்க. மறுபடி பாக்கணும்."

நுரைக்காரர் நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சிலிருந்த ஒருவர், "அப்ப சாமியார் இல்லையா?" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்று ஒரு அதட்டல் போட்டேன். அதற்கு மட்டும் என் குரல் நன்றாக வந்தது.

அண்ணன் கத்தியை மூடி வைத்தார். காலியாக இருந்த இன்னொரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் இப்படி ஒரு பேப்பர் குடுத்தாங்கம்மா" என்றார். "உன்னால ஆகாதுன்னு. நான் ஒரே ஒரு தடவதான் போனேன். இன்னொரு எடத்துல பாக்கலாம்னு அவ சொல்லிச் சொல்லிப் பாத்தா. நான் போகல. வெக்கமா, பயமா, என்னன்னு தெரியல. அந்தக் குழாயையும் யாராவது இப்படிக் கழுவியிருப்பாங்களோ?"

இருக்காது என்று சொல்ல நான் யார்? இருக்கும் என்று சொன்னால் பதினாறு வருடத்தை யார் திருப்பிக்கொடுப்பது?

அண்ணி எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியாது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"அத அப்புறம் உக்காந்து யோசிக்கலாம். நாளைக்குக் காலைல கல்யாணம், மாப்பிள்ள பரட்டத் தலையோட கெடக்கான். எழுந்திருங்க. சீப்ப எடுங்க."

சிரித்துவிட்டோம். அண்ணனும் சிரித்தார். நுரைக்காரரை அப்படியே விட்டுவிட்டு மைனரை வாரினார். அந்த மனுஷர், "நான் இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று நுரை வழிய வழியக் கடையைப் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை நான் எதையும் தொடவில்லை. டாக்டரே புதுப் பாக்கெட்டைப் பிரித்தாள், டாக்டரே பிடித்தாள், டாக்டரே கண்ணாடித் தட்டைச் சூடு பண்ணிச் சொட்டு வைத்தாள். பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டாள். பார்த்தேன். அட என் ராஜா! எட்டு வயதில் இப்படியா? நூற்றில் எழுபத்தைந்து ஓடின. "அண்ணி, வாங்க, நீங்களே பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அண்ணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "அய்யோ, இவ்ளோவா! என்ன அவசரம் இதுங்களுக்கு!" என்று கைதட்டினாள். அப்புறம் அண்ணனை உட்காரவைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். எழுந்திருக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து மைனரின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார்.

டாக்டரின் கையெழுத்து காய்வதற்குள் காகிதத்தோடு நான் மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நேத்து ஒரு மாதிரி, இன்னிக்கு ஒரு மாதிரி சொன்னா எப்படி? நான் போட்டோக்காரருக்கு வார்த்த குடுத்துட்டேன்."

"மொதல்ல யாருக்குக் குடுத்தீங்க? ரிப்போர்ட் நல்லா இருந்தா மைனர்தான்னு சொன்னது நீங்கதானே? ரிப்போர்ட் நல்லாத்தான் இருந்துச்சு. கெடுத்தது நான். அவர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன். வேணும்னா என் பேர எழுதி உங்க கடை வாசல்ல ஒட்டிக்குங்க, லேபம்மா தப்பா சொல்லிட்டான்னு. பசை நான் வாங்கிட்டு வரேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "குடுத்துடுய்யா, அந்தம்மா விடாது போல" என்றார். மருந்துக்கடைக்காரர் காகிதத்தை மூன்றாவது தடவையும் படித்துவிட்டு, கல்லாவுக்குள் பத்திரமாக வைத்தார். "காலைல ஒம்பது மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார். போட்டோக்கடைக்காரர் அதற்கு மேல் நல்லவர். "சிங்கத்துக்குத் தூக்கம் மிச்சம்" என்று சொல்லிவிட்டார்.

புதனும் வெள்ளியும் நல்லபடியாகக் கழிந்தன. அறுபத்துமூன்றாம் நாள் ஐந்து குட்டிகள். செய்தி வந்தபோது சலூனில் ரேடியோ அலறிய சத்தம் ஆஸ்பத்திரிவரை கேட்டது. எட்டு வாரம் கழித்து, ஐந்தில் குண்டான ஒரு பெண் குட்டியை அண்ணி தூக்கிக்கொண்டு வந்தாள். மைனர் முதல் நாள் குட்டியைப் பார்த்து ஓடிப்போய் நாற்காலிக்கு அடியில் ஒளிந்தானாம். மறுநாளிலிருந்து அது அவன் வாலில் தொங்கிக்கொண்டு தெருவைச் சுற்றுகிறது.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். கெட்ட சேதி என்றால் இரண்டு தடவை பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. நல்ல சேதியை மட்டும் இன்னும் அடக்க முடியவில்லை.

இரண்டாவது ஊசிக்கு மூன்று பேராக வந்தார்கள். நான் குட்டியைத் தராசில் நிற்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து, சும்மா வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"லேபம்மா, நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"எதண்ணே?"

"அந்த ரெண்டாவது தடவ."

கை அப்படியே நின்றுவிட்டது. குட்டி தராசிலிருந்து குதித்தது. அண்ணி அதைத் துரத்திக்கொண்டு போனாள்.

"என்ன... என்ன வந்துச்சுண்ணே?"

"அதேதான்" என்றார். "பதினாறு வருஷத்துக்கு முன்னாடி என்ன எழுதியிருந்தாங்களோ, அதே. ஒண்ணும் மாறல. அந்த லேப்ல ஒழுங்காத்தான் கழுவியிருக்காங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "என்னாலதானேண்ணே உங்களுக்கு இந்த ஆச வந்துச்சு? நான் பண்ண தப்பாலதானே?"

"அட, அழாதீங்கம்மா. பதினாறு வருஷமா அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கவே பயந்துட்டு இருந்தேன். போனேன், பேப்பர வாங்கினேன், வந்தேன். ஒண்ணுமே ஆகல. வீட்டுக்கு வந்து கதவத் தட்டறேன். இவளுக்கு நான் எங்க போய்ட்டு வரேன்னு நல்லாத் தெரியும். கதவத் தொறக்கறா. என்ன வந்துச்சுன்னு கேக்கவே இல்ல. என்ன சொன்னா தெரியுமா? 'உள்ள வாங்க, உங்க பொண்ணு என் செருப்பக் கடிச்சிட்டா'ன்னா."

குட்டியை இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்த அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்ன என்னங்க?" என்றாள். "புதுச் செருப்பு."